பழைய மேக்கில் புது ஓஎஸ்: ஓப்பன்கோர் லெகசி பேட்சர் டெல்டா கடைகளுக்குச் சரிப்படுமா?

2012-இல் வந்த 13 அங்குல மேக்புக் புரோவுக்கு ஆப்பிள் கொடுத்த கடைசி ஓஎஸ் கேட்டலினா. 2017 மேக்புக் ஏருக்கு மான்டரே. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கத்து ஸ்டூடியோக்களிலும் டிடிபி கடைகளிலும் அடிக்கடி கண்ணில் படுகிற மேக் இந்த இரண்டும்தான். புரோவில் ரேமையும் டிஸ்க்கையும் நாமே மாற்றிக்கொள்ளலாம், டிவிடி டிரைவும் உண்டு என்பதால் இன்றைக்கும் செகண்ட் ஹேண்டில் கைமாறிக்கொண்டே இருக்கிறது. மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. காலை வாருவது பிரவுசர். கேட்டலினாவுக்குக் குரோம் 128-ஓடு சரி. அடுத்து வந்த பிக் சருக்கும் 138-ஓடு கதை முடிந்தது. பேங்க் தளமும் ஜிஎஸ்டி தளமும் திறக்க வேண்டிய கடையில் இதற்கு மேல் தள்ள முடியாது.

அதற்கான இலவச வழிதான் ஓப்பன்கோர் லெகசி பேட்சர், சுருக்கமாக ஓசிஎல்பி. டோர்டானியா என்ற குழு எழுதி, கிட்ஹப் என்ற மென்பொருள் தளத்தில் வைத்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் கருவி. லைசென்ஸ் கீ, சந்தா எதுவும் கிடையாது. கீ விற்கிறோம் என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று. அதே பேரில் போலித் தளங்களும் உண்டு. கிட்ஹப்பைத் தவிர வேறெங்கிருந்தும் இறக்க வேண்டாம். 2.4.1 பதிப்பு வரைக்கும் பிக் சர் தொடங்கி மான்டரே, வென்ச்சுரா, சோனோமா, செக்கோயா முடிய ஐந்து ஓஎஸ்களைப் போடலாம்.

நம் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். போடுவது சுலபம், மெனக்கெட்டால் ஒரு மத்தியானத்து வேலை. போட்ட பிறகு வரும் ஒவ்வொரு அப்டேட்டிலும்தான் இந்தக் கருவி நம்மிடம் கூலி வாங்குகிறது. அந்தக் கூலியைக் கொடுக்கத் தயாராக இருக்கிற கடைக்கு இது அருமையான சாமான். ‘போட்டுக் கொடுத்துடுங்க, அப்புறம் நான் தொடவே மாட்டேன்’ என்பவருக்குச் சரிப்படாது.

உள்ளே என்ன நடக்கிறது

கருவிக்கு இரண்டு பாதி. முதல் பாதி ஓப்பன்கோர் என்ற பூட்லோடர். டிஸ்க்கில் 200 எம்பி அளவில் ஒளிந்திருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உட்கார்ந்துகொண்டு, மேக்ஓஎஸ் எழுவதற்கு முன்னால் தேவையான டிரைவர்களை மெமரியில் ஏற்றிவிடும். ‘இந்த மாடலுக்கு இந்த ஓஎஸ் கிடையாது’ என்ற சோதனையைத் தாண்ட, மெஷினை ஒரு விர்ச்சுவல் மெஷின் போலக் காட்டும். போர்டிலேயே பதிந்திருக்கும் மேக்கின் ஃபர்ம்வேரில் கை வைப்பதில்லை.

இரண்டாம் பாதி ரூட் பேட்ச். ஆப்பிள் புது ஓஎஸ்ஸிலிருந்து தூக்கி எறிந்த பழைய கிராபிக்ஸ் டிரைவர், வைஃபை டிரைவர் எல்லாவற்றையும் சிஸ்டம் வால்யூமுக்குள்ளேயே திரும்பச் செருகும். அந்த வால்யூமை ஆப்பிள் சீல் வைத்துத்தான் அனுப்புகிறது. செருகுவதற்குச் சீலை உடைத்தாக வேண்டும், சிஸ்டம் ஃபைல்களில் யாரும் கை வைக்காமல் காக்கும் எஸ்ஐபி பாதுகாப்பையும் ஓரளவு தளர்த்த வேண்டும். பின்னால் வரும் தலைவலிகளில் முக்கால்வாசி இந்த உடைந்த சீலிலிருந்துதான் பிறக்கின்றன.

ஸ்க்ரூ டிரைவர் முதலில், பென் டிரைவ் பிறகு

4 ஜிபி ரேம், சுற்றுகிற ஹார்டு டிஸ்க்: இந்த நிலையில் இருக்கும் 2012 புரோவில் ஓசிஎல்பி போட்டுவிட்டு ‘ஸ்லோவா இருக்கு’ என்று கருவியைத் திட்டுவதில் நியாயமில்லை. மேக்ஓஎஸ்ஸின் ஏபிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் எஸ்எஸ்டியை மனதில் வைத்துச் செய்தது. சுற்றுகிற டிஸ்க்கில் அது நொண்டும். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, 8 ஜிபி டிடிஆர்3 1600 லேப்டாப் ரேம் இரண்டு. பொதுவாக இதுதான் அளவு. பிரவுசரும் பில்லும் மட்டும் என்றால் மொத்தம் 8 ஜிபியில் தள்ளலாம். போட்டோஷாப் திறந்தால் 16 வேண்டும். 2017 ஏரில் ரேம் போர்டோடு ஒட்டியது, இருக்கிற 8 ஜிபிதான்.

புரோவின் அடித்தகட்டில் பத்து பிலிப்ஸ் ஸ்க்ரூ. மூன்று நீளம், ஏழு குட்டை. எது எந்த ஓட்டையில் இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். இடம் மாறினால் தகடு சரியாகப் படியாது. டிஸ்க்கின் இரு பக்கமும் இருக்கும் நான்கு சின்ன முளைகளுக்கு டி6 டார்க்ஸ் பிட் வேண்டும். பேட்டரியை இறுக்கியிருப்பது மூன்று இதழ் ஸ்க்ரூ, அதற்குத் தனி பிட்.

இந்த மாடலின் பெரிய சாபக்கேடு டிஸ்க்கிலிருந்து போர்டுக்குப் போகும் தட்டையான சாட்டா கேபிள். அலுமினிய உடம்பில் உரசி உரசி உள்ளே கம்பி விட்டுப்போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இன்ஸ்டால் பாதியில் நிற்கும், ஃபார்மேட் பிழை காட்டும், கேள்விக்குறி போட்ட ஃபோல்டர் மினுக்கும். பழி ஓசிஎல்பி மேல் விழும். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: எஸ்எஸ்டியைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு அதே இன்ஸ்டாலை ஓட்டுங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் கோளாறு கேபிளில். மாற்றுக் கேபிளில் 821-2049-ஏ என்ற எண் இருக்கிறதா பாருங்கள். 821-1480-ஏ அதற்கு முந்தையது. திருச்சியில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்கலாம். புதுசு மாட்டும்போது, அது உடம்பில் படும் இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டால் ஆயுசு கூடும்.

பேட்டரியையும் பாருங்கள். டிராக்பேட் அழுத்தினால் ‘டிக்’ என்று இறங்கவில்லையா? அடியில் பேட்டரி உப்பியிருக்கலாம். உப்பியதைக் கழற்றிவிட்டு வெறும் சார்ஜரில் ஓட்டலாம் என்று சிலர் நினைப்பார்கள். அப்படிச் செய்தால் மெஷின் தானாகவே பிராசசர் வேகத்தைப் பாதிக்கு மேல் குறைத்துக்கொள்ளும். ஒரு மணி நேர இன்ஸ்டால் அரை நாளாகும். தவிர காந்த முனை சார்ஜர் லேசாகத் தட்டினாலே கழன்றுவிடும். இன்ஸ்டால் நடுவில் கரண்ட் போனதும் இதுவும் ஒன்றுதான். இன்வெர்ட்டர் லைனில் இல்லாத பிளக்கில் இந்த வேலையை ஆரம்பிக்கவே கூடாது.

நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோர மெஷின்களுக்கு ஒரு வேலை கூடுதல்: ரேம் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா பார்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

எந்த ஓஎஸ்

‘இருக்கிறதிலேயே புதுசு போடுங்க’ என்பதுதான் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது. கிராபிக்ஸ் சிப்பைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

2012 புரோவில் இருப்பது இன்டெல் எச்டி 4000. பிக் சரில் இதன் டிரைவர் ஓஎஸ்ஸுக்குள்ளேயே உண்டு. மான்டரேயிலிருந்து இல்லை, ரூட் பேட்ச் கட்டாயம். வென்ச்சுராவிலிருந்து இன்னொரு பிரச்சினை: ஓஎஸ் ஏவிஎக்ஸ்2 என்ற பிராசசர் கட்டளைகளை எதிர்பார்க்கிறது, 2012 பிராசசரில் அது இல்லை. ஓசிஎல்பி ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளுக்கான ஃபைல்களை இழுத்துப்போட்டு இதைச் சமாளிக்கிறது. ஓஎஸ் ஓடும். ஆனால் ஏவிஎக்ஸ்2 கேட்கும் வெளி ஆப்கள் திறந்தவுடனே மூடிக்கொள்ளும். அதற்குக் கருவியிடம் வைத்தியம் இல்லை. இந்த மாடலுக்கு நம் சிபாரிசு சோனோமா. செக்கோயாவும் ஏறும்; ஆனால் இந்த கிராபிக்ஸ் குடும்பத்துக்கு அங்கே கூடுதலாக ஒரு மெட்டல் (ஆப்பிளின் கிராபிக்ஸ் மென்பொருள்) தொகுப்பையும் இறக்க வேண்டியிருக்கிறது. கிடைக்கிற லாபத்துக்கு அந்த ஒட்டு வேலை அதிகம்.

2017 ஏருக்கு செக்கோயாவே போடலாம். எச்டி 6000, ஏவிஎக்ஸ்2 இரண்டும் இருப்பதால் வண்டி சீராக ஓடுகிறது. இந்தக் கருவிக்குப் பொருத்தமான மெஷின் எது என்றால் இதைத்தான் சொல்வோம்.

2011-உம் அதற்கு முந்தையதும்? எச்டி 3000 சிப்புக்கு மெட்டலே கிடையாது. போடலாம், ஓடும், மெனு மின்னும், மேப்ஸ் திறக்காது. அவற்றில் லினக்ஸ் மின்ட் போடுவது உத்தமம்.

போடும் வரிசை

ஆரம்பத்திலேயே பேக்கப். பிறகு ஆப்பிள் அந்த மாடலுக்குக் கொடுத்த கடைசி ஓஎஸ்ஸை (புரோவுக்குக் கேட்டலினா, ஏருக்கு மான்டரே) முழுசாக அப்டேட் செய்யுங்கள். ஃபர்ம்வேர் அதோடுதான் வருகிறது. இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் பின்னால் விசித்திரமான கோளாறுகள் வரும்.

32 ஜிபி பென் டிரைவ் ஒன்று. ஓசிஎல்பியைத் திறந்து ‘கிரியேட் மேக்ஓஎஸ் இன்ஸ்டாலர்’ அழுத்தினால் அதுவே ஆப்பிளிடமிருந்து ஓஎஸ்ஸை இறக்கும். 13 முதல் 15 ஜிபி வரை. நாளைக்கு 1.5 ஜிபி போன் பேக்கை நம்பி இதில் இறங்காதீர்கள், பத்து நாள் ஆகும். 30 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பென் டிரைவில் எழுதி முடித்ததும் ‘பில்ட் அண்ட் இன்ஸ்டால் ஓப்பன்கோர்’ கொடுத்து அதே பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். வேறு மேக்கில் உட்கார்ந்து பென் டிரைவ் தயார் செய்கிறீர்கள் என்றால், செட்டிங்ஸில் எந்த மாடலுக்கு என்று மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் உட்கார்ந்திருக்கும் மெஷினுக்குத்தான் பில்ட் ஆகும், போட வேண்டிய மெஷினில் பூட் ஆகாது. அதிகம் பேர் சறுக்குகிற இடம் இது.

ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டே மெஷினை ஆன் செய்யுங்கள். ஓப்பன்கோர் படம் போட்ட ‘இஎஃப்ஐ பூட்’ தெரியும். கண்ட்ரோல் கீயைப் பிடித்துக்கொண்டு என்டர் தட்டினால் இனிமேல் அதுவே வழக்கமான பூட் ஆகிவிடும். அடுத்த திரையில் இன்ஸ்டாலர். பழையதை அழித்துப் போடுவதென்றால் டிஸ்க் யூட்டிலிட்டியில் முதலில் ‘ஷோ ஆல் டிவைசஸ்’ போட்டு, மேலே இருக்கும் முழு டிஸ்க்கையும் ஏபிஎஃப்எஸ், ஜியுஐடி என்று அழியுங்கள். நடுவில் மூன்று நான்கு முறை ரீஸ்டார்ட் ஆகும். ஒவ்வொரு முறையும் பென் டிரைவுக்குள் திரும்பிப் போகாமல், சாம்பல் நிற ‘மேக்ஓஎஸ் இன்ஸ்டாலர்’ தேர்வாகிறதா என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். ‘இன்ஸ்டாலர் டேமேஜ்’ என்று வந்தால் பதறவேண்டாம்; பேட்டரி செத்துக் கிடந்த மெஷினில் தேதி பின்னால் போயிருக்கும். தேதியைத் திருத்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

டெஸ்க்டாப் வந்ததும் எல்லாம் கன்னாபின்னா என்றுதான் தெரியும். ஜன்னலை நகர்த்தினால் இழுபடும், டாக் கண்ணாடி போல இல்லாமல் மொழுக்கென்றிருக்கும், சோனோமாவோ செக்கோயாவோ என்றால் வைஃபையும் இருக்காது. ரூட் பேட்ச் இன்னும் விழவில்லை, அவ்வளவுதான். ஓசிஎல்பி தானாகவே எட்டிப் பார்த்துக் கேட்கும்; கேட்காவிட்டால் நீங்களே ‘போஸ்ட்-இன்ஸ்டால் ரூட் பேட்ச்’ கொடுங்கள். மாடலைப் பொறுத்து, கர்னல் டீபக் கிட் என்று இன்னும் சில நூறு எம்பியை இன்டர்நெட்டிலிருந்து இழுக்கும்.

வைஃபை இல்லாத மெஷினில் இன்டர்நெட் எங்கிருந்து வரும்? புரோவில் லேன் போர்ட் இருக்கிறது, ரவுட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்தால் போதும். ஏருக்கு யுஎஸ்பி லேன் அடாப்டர் வேண்டும். ஆர்டிஎல்8153 சிப் உள்ளது என்றால் டிரைவர் எதுவும் போடாமலே வேலை செய்யும். போனை யுஎஸ்பி வயரில் சொருகி டெதரிங் செய்யலாம் என்று எண்ணுபவர்களுக்கு: ஐபோன் என்றால் வரும், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களின் யுஎஸ்பி டெதரிங்கை மேக் கண்டுகொள்ளாது.

பேட்ச் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் இன்னொரு வேலை பாக்கி. ‘பில்ட் அண்ட் இன்ஸ்டால் ஓப்பன்கோர்’ மறுபடி கொடுத்து, இந்த முறை உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். இதை மறந்தால் பென் டிரைவைப் பிடுங்கியவுடன், குறுக்கே கோடு போட்ட வட்டம்தான் தெரியும்.

கூலி வாங்கும் இடம்: அப்டேட்

சீல் உடைந்த சிஸ்டத்துக்கு ஆப்பிள் சின்ன அப்டேட்டைத் தராது. 14.6-இலிருந்து 14.7-க்குப் போவதற்கும் முழு இன்ஸ்டாலரையே இறக்கும், திரும்பவும் அதே 13 ஜிபி. அப்டேட் முடிந்தவுடன் ரூட் பேட்ச் காணாமல் போயிருக்கும்; கிராபிக்ஸ் படுத்துவிடும், வைஃபை போய்விடும், மறுபடி லேன் வயரும் பேட்சும். ஆகவே ‘ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ்’ பக்கத்தில் மேக்ஓஎஸ் அப்டேட்டை இறக்குவதையும் போடுவதையும் அணைத்து வைத்துவிட வேண்டும். கடையில் வேலை பார்க்கும் தம்பி ‘அப்டேட் நவ்’ என்று தெரியாமல் தட்டிவிட்டால் அன்றைய டேட்டாவும் போச்சு, அன்றைய வேலையும் போச்சு.

வரிசை இப்படி: முதலில் ஓசிஎல்பி ஆப்பைப் புதுப்பிக்கவும். அடுத்து உள் டிஸ்க்கில் ஓப்பன்கோரைத் திரும்ப பில்ட் செய்து ரீஸ்டார்ட். அதற்குப் பிறகு ஓஎஸ். கடைசியில் ரூட் பேட்ச். முதல் இரண்டையும் விட்டுவிட்டு ஓஎஸ்ஸுக்குப் பாய்வதால்தான் மெஷின்கள் கறுப்புத் திரையில் நிற்கின்றன. ஆப்பிள் அப்டேட் விட்ட அன்றே பாய வேண்டிய அவசியமும் இல்லை. ஓசிஎல்பியின் புதுப் பதிப்புக் குறிப்பில் அந்த எண் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இறங்கலாம்.

ஸ்டூடியோக்காரர்களுக்கு இதற்கு ஏற்ற காலம் ஆடி அல்லது மார்கழி. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் மெஷின் இரண்டு நாள் படுத்தாலும் யாரும் ஆல்பம் கேட்டு வாசலில் நிற்கமாட்டார்கள். கல்யாண ஃபுட்டேஜ் முழுவதும் ஒரே டிஸ்க்கில், பேக்கப் இல்லாமல், தை மாதத்தில்: இந்த நிலையில் கை வைக்கச் சொல்பவரை நம்பாதீர்கள்.

வேலை செய்வதும் செய்யாததும்

டிடிபி கடைக்கு ஓசிஎல்பியை விடப் பெரிய அடி 32 பிட் விஷயத்தில் இருக்கிறது. கேட்டலினாவுக்கு முந்தைய மொஹாவிதான் 32 பிட் ஆப்களை ஓட்டிய கடைசி மேக்ஓஎஸ்; கேட்டலினாவிலிருந்து அவை கைவிடப்பட்டன. இன்டிசைன் சிஎஸ்6-உம் ஃபைனல் கட் புரோ 7-உம் புது ஓஎஸ்ஸில் திறக்காது. எந்தப் பேட்சாலும் அதை மீட்க முடியாது. பழைய பத்திரிகை ஃபைல்களுக்கு இவை தேவை என்றால், மொஹாவியோ அதற்கு முந்தையதோ இருக்கும் பழைய டிஸ்க்கை அழிக்காமல், அப்டேட்டும் செய்யாமல் யுஎஸ்பி கேஸில் வைத்து, தேவைப்படும்போது ஆப்ஷன் கீ வழியாக அதிலிருந்து பூட் செய்யுங்கள். பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களுக்கு ஓஎஸ் மாற்றத்தால் பாதிப்பில்லை. தமிழ்99, அஞ்சல் கீபோர்டுகள் மேக்கிலேயே உள்ளன.

பிரிண்டர் விஷயத்தில் ஓசிஎல்பி உதவாது. கம்பெனி அந்த ஓஎஸ்ஸுக்கு டிரைவர் வைத்திருக்கிறதா என்று முன்னமே பார்த்துக்கொள்வது நல்லது. கடை லேசர் பிரிண்டர் ஓடாமல் போனால் புது ஓஎஸ் இருந்து என்ன பயன்?

சஃபாரியில் ஓடிடி படங்கள் 2012 புரோவில் தகராறு செய்யும், குரோமில் பாருங்கள். ஐபோன் மிரரிங் இந்த இரண்டு மாடலிலும் வராது, அதற்கு டி2 என்ற ஆப்பிளின் பாதுகாப்புச் சிப் வேண்டும். ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் எந்த இன்டெல் மேக்கிலும் இல்லை. போட்ட முதல் நாள் மின்விசிறி இரைவது ஸ்பாட்லைட் தேடல் இண்டெக்ஸ் எடுப்பதால். ஒரு ராத்திரி ஓட விட்டால் அடங்கிவிடும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘சோனோமா இருக்கு, புது மாடல் மாதிரி’ என்று காட்டினால் ‘அபௌட் திஸ் மேக்’ திறந்து மாடல் வருடத்தைப் பாருங்கள். 2012 என்று இருந்து சோனோமா ஓடினால் அது பேட்ச் போட்டது. அதில் தப்பில்லை, ஆனால் மேலே சொன்ன அப்டேட் கூலியும் சேர்ந்தே உங்கள் தலையில் விழுகிறது. விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

பிடிக்கவில்லை, பழையதற்கே போகிறேன் என்றால் வழி திறந்தே இருக்கிறது. ஆப்ஷன், கமாண்ட், ஆர் மூன்றையும் அழுத்திக்கொண்டு ஆன் செய்தால் இன்டர்நெட் ரெகவரி வரும். முழு டிஸ்க்கையும் அழித்தால் ஓப்பன்கோரும் சேர்ந்து போய்விடும், அந்த மாடலுக்கு ஆப்பிள் கொடுத்த ஓஎஸ் ஏறும். ஆப்ஷன், கமாண்ட், பி, ஆர் அழுத்தி, பூட் செட்டிங்ஸைச் சேமிக்கும் என்விராம் மெமரியை ரீசெட் செய்தால் எஸ்ஐபியும் பழைய நிலைக்கு வரும். ஃபைல்களை மட்டும் வெளி டிஸ்க்கில் கையால் காப்பி செய்துகொள்ளுங்கள்: புது ஓஎஸ்ஸில் ஒருமுறை திறந்த போட்டோஸ் லைப்ரரியைப் பழைய ஓஎஸ் திறக்காது, படங்களை அங்கேயே எக்ஸ்போர்ட் செய்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும்.